மஞ்சப்பைக்குள்ளே ஒரு ஜோடி கேன்வாஸ் ஷூ

(பாட்காஸ்ட் எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சற்றே சுருக்கித் திருத்தப்பட்டுள்ளது.)

போன எபிசோட் முடியும்போது உங்களிடம் ஒரு கேள்வி கேட்டிருந்தேன். சின்ன வயசுல நீங்க போட்ட உடுப்பு, செருப்பு, ஷூ, இதுல எது இன்னும் ஞாபகம் இருக்கு? ஒரு நிமிஷத்துக்குள்ள வாய்ஸ் நோட் அனுப்புங்கன்னு சொல்லியிருந்தேன்.

நிறைய வந்தது. எல்லாத்தையும் கேட்டேன். தீபாவளிக்கு ஒரே துணியில அண்ணனுக்கும் தம்பிக்கும் தைச்ச சட்டை. "வளர்ற புள்ள"ன்னு சொல்லி ரெண்டு இன்ச் பெருசா தைக்கச் சொன்ன அம்மா. நடந்தா குதிகால்ல சிவப்பு லைட் எரியற ஷூ. அக்கா போட்டு, பெரியப்பா பொண்ணு போட்டு, கடைசியா தனக்கு வந்து சேர்ந்த பட்டுப் பாவாடை. சிரிச்சுக்கிட்டே கேட்டேன்.

நடுவுல ஒரு வாய்ஸ் நோட் பதினோரு செகண்டுதான். ஒரு பெண் பேசுறாங்க. "எனக்குச் செருப்பு ஞாபகமே இல்லைங்க. எட்டாவது படிக்கிற வரைக்கும் செருப்பே இல்லை." அவ்வளவுதான். கோபமும் இல்லை, அழுகையும் இல்லை. ஒரு தகவல் மாதிரி சொல்லிட்டு வச்சுட்டாங்க.

இந்த எபிசோடை முதல்ல வேற மாதிரி யோசிச்சிருந்தேன். அந்தப் பதினோரு செகண்டுக்கு அப்புறம் மாத்திட்டேன். இன்னைக்கு செருப்போட, ஷூவோட, கொஞ்சம் பள்ளிச் சீருடையோட வரலாறு. அதுக்குள்ள என் வீட்டுக் கதையும் ஒண்ணு இருக்கு. முப்பது வயசு வரைக்கும் நான் தப்பாப் புரிஞ்சு வச்சிருந்த கதை.

சாக்பீஸ் ஷூ

முதல்ல எனக்கு ஞாபகம் இருக்கிற ஷூவைச் சொல்றேன். வெள்ளை கேன்வாஸ் ஷூ.

நான் மதுரையில் படித்தேன். வாரத்தில் மற்ற நாட்களில் கறுப்பு ஷூ, பி.டி. பீரியட் இருக்கிற நாளில் மட்டும் வெள்ளை ஷூ. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அதைத் துவைத்து மொட்டை மாடியில் காயவைக்கணும். நாக்கை வெளியே இழுத்து, சுவரில் சாய்த்து வைக்கணும். காயலைன்னா திங்கட்கிழமை காலையில் ஈர ஷூதான். மேலே மஞ்சள் கறை தெரிந்தால் பள்ளிக்கூடத்தில் அடி. அதனால் கிளாஸ் ரூமில் திருடின சாக்பீஸை எடுத்து மேலே தேய்ப்போம். பிரேயர் முடிந்து நடந்து போனால் பின்னாடியே ஒரு வெள்ளைப் புகை வரும்.

அந்த ஷூவுக்கு ஒரு பெரிய பயணக் கதை இருக்கு. பாட்டா என்பது இந்தியக் கம்பெனி என்று நம்மில் பாதிப்பேர் நினைத்துக்கொண்டிருக்கிறோம். அது இன்றைய செக் குடியரசில் இருக்கிற ஸ்லீன் என்கிற ஊரில் 1894-ல் தொடங்கியது. தோமாஷ் பாட்டா, அவருடைய அண்ணன் அந்தோனின், அக்கா அன்னா, இந்த மூன்று பேர் சேர்ந்து ஆரம்பித்த செருப்புக் கடை. பரம்பரையாகவே செருப்பு தைக்கிற குடும்பம். 1931-ல் இந்தியாவில் கம்பெனி பதிவானது. பிறகு கல்கத்தாவுக்குப் பக்கத்தில், ஹூக்ளி ஆற்றங்கரையில், தொழிற்சாலையோடு ஒரு ஊரையே கட்டினார்கள். அதுதான் பாட்டாநகர்.

அவர்களுக்கு ஒரு சிக்கல் இருந்தது. இந்தியாவில் பெரும்பாலான மக்கள் வெறுங்காலோடு நடந்தார்கள். தோல் ஷூ வாங்கக் காசும் கிடையாது, இந்த வெயிலுக்கு அது ஒத்தும் வராது. ஆக, முதல் வேலை செருப்பு விற்பது இல்லை. செருப்பு தேவை என்று நம்ப வைப்பது. அந்தக் காலத்து பாட்டா விளம்பரம் ஒன்று இன்றும் இணையத்தில் சுற்றுகிறது. டெட்டனஸ் ஜாக்கிரதை, சின்னக் காயம்கூட ஆபத்து, அதனால் ஷூ போடுங்கள் என்கிறது அது. பயமுறுத்தி விற்பதுதான். ஆனால் அதில் உண்மையும் இருந்தது. கொக்கிப்புழு மண்ணிலிருந்து வெறுங்கால் தோல் வழியாகத்தான் உடம்புக்குள் போகும். வெறுங்கால் குழந்தைகளின் ரத்தசோகைக்கு அது ஒரு முக்கியமான காரணம்.

ரப்பர் அடிப்பகுதி, மேலே பருத்தித் துணி. தோலைவிட விலை குறைவு, துவைக்கலாம். பள்ளிக்கூடங்களுக்கு அது பிடித்துப்போனது. கேன்வாஸ் ஷூ இந்தியப் பள்ளி விளையாட்டு மைதானத்துக்கு வந்தது இப்படித்தான். என்னோட சாக்பீஸ் புகைக்குப் பின்னாடி ஸ்லீன், ஹூக்ளி, கொக்கிப்புழு எல்லாம் இருக்கு.

ஹவாய் எங்கே இருக்கு?

கேன்வாஸ் ஷூ எல்லார் வீட்டிலும் இருந்தது என்று நான் சொன்னால் அது பொய். எல்லார் வீட்டிலும் கடைசியாக வந்து சேர்ந்தது ஹவாய் செருப்பு. வெள்ளை அடி, நீல வார்.

நம்ம ஊர்ப் பெட்டிக்கடையில் தொங்கின அந்தச் செருப்புக்கு ஏன் ஹவாய் என்று பேர்? அதன் முன்னோர் ஜப்பானில் இருக்கிறார்கள். 'ஸோரி' என்று வைக்கோலில் பின்னிய செருப்பு. கட்டைவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவே வார் வரும். கரும்புத் தோட்ட வேலைக்காக ஹவாய்த் தீவுகளுக்குப் போன ஜப்பானியர்கள் அந்தப் பழக்கத்தையும் கொண்டுபோனார்கள். இரண்டாம் உலகப்போருக்குப் பிறகு அதே வடிவம் ரப்பரில் வந்தது, உலகம் முழுக்கப் பரவியது. பிரேசிலில் 1962-ல் ஒரு கம்பெனி அதற்கு 'ஹவாயானாஸ்' என்றே பெயர் வைத்தது. அந்தச் செருப்பின் மேல்பரப்பில் அரிசி மாதிரி பொடிப்பொடியாக ஒரு வடிவம் இருக்கும். வைக்கோல் செருப்பின் ஞாபகமாக வைத்தது.

நமக்குப் பக்கத்தில் கேரளாவில் ரப்பர் விளைகிறது. கோட்டயத்தில் 1975-ல் தொடங்கிய பாரகன் மாதிரியான கம்பெனிகள் வந்த பிறகு ஹவாய் செருப்பு ஊர் ஊராகப் போனது. வார் பிய்ந்தால் ஊக்கு குத்தலாம். அதுவும் போனால் வேறு வார் மாட்டலாம். அடி தேய்ந்து ஓட்டை விழுந்த பிறகும் வேலை முடியாது. வட்டமாக வெட்டி, நடுவில் குச்சி சொருகினால் வண்டிச் சக்கரம். கிராமத்தில் வளர்ந்தவர்கள் இந்த இடத்தில் தலையாட்டுவீர்கள் என்று தெரியும்.

சரி. கேன்வாஸ் வந்தது, ஹவாய் வந்தது, விலை குறைந்தது, எல்லாரும் போட்டார்கள். இத்தோடு நிறுத்தினால் அழகான கதை. விலை குறைந்தால் போதும், எல்லாருக்கும் செருப்பு கிடைத்துவிடும் என்று நானும் ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

"மண்ணுல அழுக்காயிடும் கண்ணு"

எங்கள் அப்பாவின் ஊர் சிவகங்கைப் பக்கம். 1980-கள் வரைக்கும் அது பழைய ராமநாதபுரம் மாவட்டத்துக்குள்தான் இருந்தது. அப்பா படித்து, மதுரையில் அரசாங்க வேலைக்கு வந்தார். நான் பிறந்தது, வளர்ந்தது எல்லாம் மதுரை. வருஷத்துக்கு ஒரு தடவை, பொங்கலுக்கு, ஊருக்குப் போவோம்.

எனக்கு ஏழு வயசு. 1994. புது கேன்வாஸ் ஷூ வாங்கி ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. ஸ்கூல் லீவுதான், ஆனாலும் அதைத்தான் போட்டுக்கொண்டு போவேன் என்று அடம்பிடித்தேன். அப்பத்தாவிடம் காட்டணும்.

பஸ்ஸிலிருந்து இறங்கினோம். ஒரு கிலோமீட்டர் நடக்கணும். பாதி தூரம் வந்ததும், ஊர் ஆரம்பிக்கிற இடத்தில், ஒரு வேப்பமரத்தடியில் அப்பா நின்றார். தன் செருப்பைக் கழற்றினார். கையில் இருந்த மஞ்சப்பைக்குள் போட்டார். அப்புறம் என் முன்னாடி குத்துக்கால் போட்டு உட்கார்ந்து, என் ஷூ லேஸை அவிழ்க்க ஆரம்பித்தார்.

"ஏம்ப்பா?"ன்னு கேட்டேன்.

"மண்ணுல அழுக்காயிடும் கண்ணு. வெள்ளை ஷூல்ல? வீட்டுக்குப் போனதும் போட்டுக்கலாம்."

நான் உடனே நம்பினேன். ஏன் நம்பமாட்டேன்? வெள்ளை ஷூ அழுக்காகும் என்பது எனக்கு நன்றாகத் தெரிந்த விஷயம். ஞாயிற்றுக்கிழமை துவைக்கிற கஷ்டம் எனக்குத்தானே தெரியும். மஞ்சப்பைக்குள் அப்பா செருப்பும் என் ஷூவும். வெறுங்காலோடு அந்த நீளமான தெருவைக் கடந்து, கடைசியில் இருக்கிற எங்கள் தெருவுக்குப் போனோம். அங்கே அப்பா திரும்ப லேஸ் கட்டிவிட்டார். அப்பத்தாவிடம் காட்டினேன். அவங்க என் ஷூவைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாங்க.

இதை நான் பல வருஷம் ஒரு ஜோக்காகச் சொல்லிக்கொண்டிருந்தேன். "எங்கப்பா எவ்வளவு சிக்கனம் தெரியுமா? செருப்பு தேஞ்சிடும்னு கையில தூக்கிட்டுப் போவார்." ஹாஸ்டலில் எல்லாரும் சிரிப்பார்கள்.

ஒரு பட்டியல்

இந்த பாட்காஸ்டுக்காகப் படிக்க ஆரம்பித்தபோது ஜே.எச். ஹட்டன் எழுதிய புத்தகம் ஒன்றைப் புரட்டினேன். ஹட்டன் 1931 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் ஆணையர். இந்தியாவின் சாதி அமைப்பைப் பற்றி அவர் எழுதிய நூலில் ஒரு பட்டியல் வருகிறது. 1930 டிசம்பரில், ராமநாதபுரத்தில், அந்த வட்டாரத்தின் ஆதிக்கச் சாதியினர் ஆதிதிராவிடர்கள் மேல் விதித்த எட்டுத் தடைகள்.

தங்கம், வெள்ளி நகை போடக்கூடாது. ஆண்கள் முழங்காலுக்குக் கீழேயோ இடுப்புக்கு மேலேயோ துணி உடுத்தக்கூடாது. கோட்டு, சட்டை, பனியன் கூடாது. முடி வெட்டிக் கிராப்பு வைக்கக்கூடாது. வீட்டில் மண்பாத்திரம் தவிர வேறு பாத்திரம் கூடாது. பெண்கள் ரவிக்கை, தாவணி போட்டு மேலுடம்பை மறைக்கக்கூடாது. பூ வைக்கக்கூடாது. ஆண்கள் வெயிலுக்கோ மழைக்கோ குடை பிடிக்கக்கூடாது, காலில் செருப்பு போடக்கூடாது.

பட்டியல் முழுக்க உடம்பின் மேல் இருக்கிற பொருட்கள்தான், கவனிச்சீங்களா? பாத்திரம் ஒன்றைத் தவிர. மீறியவர்களின் குடிசைகள் கொளுத்தப்பட்டன, தானியம் அழிக்கப்பட்டது, கால்நடைகள் கொள்ளை போயின என்றும் ஹட்டன் எழுதுகிறார்.

1931 ஜூனில் தடைகள் பதினொன்றாகின. புதிதாகச் சேர்ந்தவற்றில் இரண்டு குழந்தைகளைப் பற்றியவை. அவர்களின் பிள்ளைகள் எழுதப் படிக்கக்கூடாது. மிராசுதாரர்களின் மாடுகளை மேய்க்க மட்டும்தான் விடவேண்டும்.

அதே 1931-ல்தான் பாட்டா இந்தியாவுக்கு வந்தது என்று கொஞ்சம் முன்னாடி சொன்னேன். ஒரு பக்கம் ஒரு கம்பெனி, எல்லாரும் செருப்பு போடுங்கள் என்று சொல்ல வருகிறது. இன்னொரு பக்கம், போட்டால் வீட்டைக் கொளுத்துவோம் என்று ஒரு கூட்டம். இதில் விலை எங்கே வருகிறது?

அந்தப் பக்கத்தைப் படித்து முடித்தபோது எனக்கு வேப்பமரம் ஞாபகம் வந்தது.

யார் முன்னாடி யார் கழற்றணும்

செருப்பைக் கழற்றுவது நம்ம பண்பாடுதானே, கோயிலில், வீட்டில் கழற்றுகிறோமே என்று சிலர் கேட்கலாம். நாமாகக் கழற்றுவது வேறு, இன்னொருவர் கழற்றச் சொல்வது வேறு. இந்த வித்தியாசம் மேல்தட்டு இந்தியர்களுக்கும் ஒரு காலத்தில் உறைத்தது.

பிரிட்டிஷ் அதிகாரிகள் முன்னால் இந்தியர்கள் செருப்பைக் கழற்றவேண்டும் என்று 19-ஆம் நூற்றாண்டில் விதி இருந்தது. 1862-ல் சூரத் நீதிமன்றத்தில் மானக்ஜி கவாஸ்ஜி எண்டி என்கிற பார்சி அதிகாரி, நீதிபதி முன்னால் ஷூவைக் கழற்ற மறுத்தார். அவரை உள்ளே விடவில்லை. அவர் பம்பாய் ஆளுநருக்கே புகார் எழுதினார். பத்திரிகைகளில் பெரிய விவாதம் ஆனது. வெள்ளைக்காரன் கழற்றச் சொன்னால் அது அவமானம் என்று அன்றைக்கே புரிந்தது. ஊர்த் தெருவில் கழற்றச் சொல்வதற்கு மட்டும் பேர் வழக்கம்.

இன்றைய கன்னியாகுமரி மாவட்டம் அன்றைக்குத் திருவிதாங்கூரில் இருந்தது. அங்கே மேலாடை உடுத்தும் உரிமைக்காக நாடார் பெண்கள் பல பத்தாண்டுகள் போராடி, 1859-ல் ஓர் அரசாணை வாங்கினார்கள். தோள்சீலைப் போராட்டம். இந்த சூரத் கதையும் தோள்சீலைக் கதையும் ஒன்றாக இருந்த அத்தியாயம் 9-ஆம் வகுப்பு என்.சி.இ.ஆர்.டி. வரலாற்றுப் புத்தகத்தில் இருந்தது. பாடச்சுமையைக் குறைப்பதாகச் சொல்லி 2019-ல் எடுத்துவிட்டார்கள். உங்களில் சிலர் படித்திருப்பீர்கள், உங்கள் தம்பி தங்கைகள் படித்திருக்க மாட்டார்கள்.

ஒரே கலர் சட்டை

இப்போது சீருடைக்கு வருகிறேன். நிறையப் பேர் வாய்ஸ் நோட்டில் யூனிஃபார்மைத் திட்டியிருந்தீர்கள். காக்கி டவுசர் காலை அறுக்கும், நீலப் பாவாடையின் கொக்கி நிற்காது, எல்லாம் சரி. ஆனால் இந்தப் பட்டியலைப் பார்த்த பிறகு ஒரு தடவை யோசித்துப் பாருங்கள். சட்டை போடக்கூடாது, படிக்கக்கூடாது என்று சொல்லப்பட்டவரின் பேரன், எல்லாரும் போடுகிற அதே சட்டையைப் போட்டுக்கொண்டு பள்ளிக்கூடம் போகிறான்.

காமராஜர் முதலமைச்சராக இருந்த காலத்தில் பள்ளிகளில் மதிய உணவு வந்தது. அப்போது கல்வித் துறைக்குத் தலைமை வகித்தவர் நெ.து. சுந்தரவடிவேலு. பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் நடத்தி, ஊர்க்காரர்களிடமே பெஞ்ச், கடிகாரம், நிலம் என்று பள்ளிக்கூடத்துக்குக் கேட்டு வாங்கினார்கள். பிள்ளைகளுக்குச் சீருடை என்ற எண்ணம் பரவியதும் அந்தக் காலத்தில்தான். 1982-ல் எம்.ஜி.ஆரின் சத்துணவுத் திட்டம். 1985-ல், சத்துணவு சாப்பிடும் பிள்ளைகளுக்கு இலவசச் சீருடை. 2012-ல் அது வருஷத்துக்கு நான்கு செட் ஆனது. கூடவே பத்தாம் வகுப்பு வரைக்கும் இலவசக் காலணியும். துணியை நெய்வது கூட்டுறவுச் சங்கங்களின் தறிகளில். தைப்பது மகளிர் தையல் கூட்டுறவுச் சங்கங்கள்.

இதில் குறையே இல்லை என்று சொல்ல வரவில்லை. அளவு சரியாக இருக்காது, பள்ளி திறந்து மாசக்கணக்கில் ஆன பிறகு வரும். அதோடு, அரசுப் பள்ளிக்கு ஒரு கலர், தனியார் பள்ளிக்கு வேறு கலர் என்றால், பஸ்ஸில் ஏறியதுமே யார் வீட்டுப் பிள்ளை எது என்று தெரிந்துவிடுகிறது. ஒரே பள்ளிக்குள் வித்தியாசத்தை மறைக்கிற துணி, பள்ளிக்கு வெளியே வித்தியாசத்தைக் காட்டுகிறது.

அந்தப் பதினோரு செகண்ட் வாய்ஸ் நோட் அனுப்பியவரிடம் பிறகு பேசினேன். பேர் சொல்ல வேண்டாம் என்றார். "கல்யாணத்துக்குக்கூட யூனிஃபார்ம்தான் போட்டுட்டுப் போவேன். வீட்ல கிழியாத துணி அது ஒண்ணுதான்"னு சொன்னார். அவருக்கு சீருடைதான் புதுத்துணி.

சட்டத்தில் ஒரு வரி

1955-லேயே தீண்டாமைக்கு எதிரான சட்டம் இருக்கிறது. 1989-ல் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் வந்தது. அதைத் திருத்தி, 2016 ஜனவரி 26 முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்தார்கள். அந்தத் திருத்தத்தில் ஒரு வரி இருக்கிறது. பட்டியல் சாதியினரோ பழங்குடியினரோ பொது இடத்தில் செருப்பு அணிவதையும் புத்தாடை அணிவதையும் தடுத்தால் அது குற்றம். ஸ்மார்ட்போன் வந்துவிட்ட இந்தியாவில், செருப்பு என்கிற சொல்லைச் சட்டத்துக்குள் எழுதவேண்டி இருந்தது.

எழுதியதோடு முடிந்துவிடவில்லை. 2023 டிசம்பரில், திருப்பூர் மாவட்டம் மடத்துக்குளம் வட்டத்தில் ராஜாவூர் என்கிற கிராமம். பட்டியல் சாதி மக்கள் செருப்போடு நடக்கமுடியாமல் இருந்த ஒரு தெருவில், சுமார் அறுபது பேர் சேர்ந்து செருப்பு போட்டுக்கொண்டு நடந்தார்கள். செய்தியில் படித்திருப்பீர்கள். பனியன் தைத்து உலகத்துக்கே அனுப்புகிற மாவட்டம் அது.

அப்பாவிடம் கேட்டேன்

கடைசியாக, இந்த எபிசோடைப் பதிவு செய்வதற்கு முன்னாடி அப்பாவிடம் கேட்டேன். ரொம்ப நேரம் தயங்கித்தான் கேட்டேன். "அந்த வேப்பமரத்துக்கிட்ட ஷூவைக் கழட்டுனீங்களே, ஞாபகம் இருக்காப்பா?"

அவருக்கு நன்றாகவே ஞாபகம் இருந்தது.

"ஏழு வயசுப் புள்ளைக்கிட்ட என்னன்னு சொல்றது? அழுக்காயிடும்னு சொன்னா நம்பிடுவன்னு தெரியும். நம்பிட்ட. எனக்கு எங்கப்பா அப்படிச் சொல்லலை. நேரா உண்மையைச் சொல்லிட்டார். உனக்காவது கொஞ்ச நாள் தெரியாம இருக்கட்டும்னு நினைச்சேன்."

நான் ஒண்ணும் பேசலை. ஹாஸ்டலில் சொன்ன ஜோக்கைப் பற்றி அவரிடம் சொல்லவும் இல்லை. இப்போது நீங்கள் கேட்கும்போதுதான் அவரும் கேட்பார்.

ஊரில் முதல் தடவை அந்தத் தெருவில் செருப்போடு எப்போது நடந்தீர்கள் என்று கேட்டேன். அப்பத்தா சாவுக்குப் போனபோது என்றார். 1999. அதற்குள் ஊரில் இளவட்டப் பையன்கள் கழற்றுவதை நிறுத்தியிருந்தார்கள். அதில் ரெண்டு மூன்று தடவை அடிதடி, போலீஸ் எல்லாம் ஆகியிருந்தது. பையன்கள் அப்பாவிடம், "சித்தப்பா, கழட்டாதீங்க, வாங்க"ன்னு சொல்லிக் கூட நடந்திருக்கிறார்கள்.

"எப்படிப்பா இருந்துச்சு?"

கொஞ்சம் யோசிச்சார். "சத்தம்தான் பெருசாக் கேட்டுச்சு. ஹவாய் செருப்புல்ல, பட்டு பட்டுன்னு அடிக்கும். ஊருக்கே கேக்குற மாதிரி இருந்துச்சு. மெதுவா நடந்தேன். அப்பவும் கேட்டுச்சு."

அடுத்த வாரத்துக்கும் ஒரு வேலை கொடுக்கிறேன். உங்கள் வீட்டில் அறுபது வயசுக்கு மேல் இருப்பவர்களிடம் ரெண்டு கேள்வி கேளுங்கள். முதல் செருப்பு எப்போது வாங்கினீங்க? அதைப் போட்டுக்கிட்டு எந்தெந்தத் தெருவில் நடந்தீங்க? ரெண்டாவது கேள்வி முக்கியம். அந்தத் தெருவில் யாரெல்லாம் கழற்றிவிட்டு நடந்தார்கள் என்பது அவர்களுக்குத் தெரிந்திருக்கலாம். அதையும் கேளுங்கள். வாய்ஸ் நோட் ஒரு நிமிஷத்துக்கு மேல் போனாலும் பரவாயில்லை.

அடுத்த எபிசோடில் சந்திக்கலாம்.